காற்றுக்கு ஒரு கட்டம்

19.07.2025, சனிக்கிழமை, மாலை 4.20. மூலனூர் பக்கம், லோகப்பிரியா வீடு.

தூரம் 110 கி.மீ. ஓட்டிய நேரம் 5 மணி 25 நிமிடம். பஞ்சர் இல்லை. வழியில் எண்ணிய காற்றாலைகள் 64.

இன்றைய பிழை: பல்லடத்தில் வாழைப்பழம் சாப்பிட நின்ற ஒன்பது நிமிடத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். மற்றபடி பிழை இல்லை.

கடைசி வரியை எழுதியதும் இஃப்ராவுக்கே கூச்சமாகிவிட்டது. இரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறாள். இப்படி ஒரு வரியை இதுவரை எழுதியதில்லை. பகலில் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை, மாலை ஆறு மணிக்கு மேல் பகுதிநேரப் பொறியியல் வகுப்பு என்று ஓடுகிறவள். ஆய்வகக் குறிப்பேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழே பிழை எவ்வளவு என்று எழுதியாக வேண்டும். அந்தப் பழக்கம் நாட்குறிப்புக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு நாளில் பிழை எதுவும் அகப்படவில்லை என்றால், சரியாகத் தேடவில்லை என்றுதான் அவள் நினைப்பாள். ஆனாலும் இன்று அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. ஐந்தரை மணி நேரத்துக்குள் நூற்றுப் பத்து கிலோமீட்டர். அவள் நினைத்திருந்தது எட்டு மணி நேரம்.

டிசம்பரில் கோவையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பத்துப் பெண்கள் சைக்கிளில் போகிறார்கள். அதை நடத்துகிற அம்புஜம் அம்மா ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. ஒன்பது இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருக்கிற ஒன்றுக்கு அவர் வைத்த நிபந்தனை எளிமையானது: சனிக்கிழமை நூற்றுப் பத்து, ஞாயிற்றுக்கிழமை நூற்றுப் பத்து. எந்த வழியில் வேண்டுமானாலும் போகலாம். துணைக்குக் கார் வரலாம், ஆனால் பின்னால்தான் வர வேண்டும்; முன்னால் போகக்கூடாது, ஓட்டுகிறவர் அதில் ஏறவும் கூடாது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் டவுன்ஹால் மணிக்கூண்டின் கீழ் சைக்கிளோடு நின்று படம் எடுத்து, ஓட்டிய விவரங்களை எழுதிய படிவத்தோடு அனுப்ப வேண்டும்.

இஃப்ராவுக்கு அந்த இடம் வேண்டும். ஜூன் மாதம் ஒருமுறை முயன்று, கருமத்தம்பட்டி போய்ச் சேர்வதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, சைக்கிளை லோடு ஆட்டோவில் போட்டுக் கோட்டைமேட்டுக்குத் திரும்பியிருந்தாள். அன்றிலிருந்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் தம்பி அர்ஷத், "கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வந்துருச்சு" என்று அறிவிப்பான். அவள் சிரித்துக்கொள்வாள். பிறகு அறைக்குள் போய், ஆரம்பித்து முடிக்காமல் விட்டவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். நீளமான வரிசைதான் அது.

இந்த முறை துணைக்குக் காரோடு வந்தவள் லோகப்பிரியா. வகுப்பில் பக்கத்து இருக்கை. வீட்டுப் பழைய வெள்ளை ஆல்டோவில், கோழித் தீவன வாசனைக்கு நடுவில், தண்ணீர் கேன், பம்பு, டியூப், எலுமிச்சம்பழம் எல்லாம் ஏற்றிக்கொண்டு, காலை ஆறு மணியிலிருந்து இண்டிகேட்டரை மினுக்கியபடி சைக்கிளின் பின்னாலேயே வந்தாள். இரவு தங்குவதற்கும் அவள் வீடுதான்.

மாலையில் இஃப்ரா ஞாயிற்றுக்கிழமைக்கான அட்டவணையைத் திருத்தி எழுதினாள். காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக இருந்ததை ஒன்பது என்று மாற்றினாள். இன்றைய வேகத்தில் போனால் மூன்று மணிக்கு மணிக்கூண்டு. கால்களுக்குக் கூடுதலாக மூன்று மணி நேர ஓய்வு. நான்கு வண்ணப் பேனாவில் கோடுகள் இழுத்து முடித்தபோது லோகப்பிரியாவின் அப்பா சுப்பண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! கலெக்டர் ஆபீஸ்ல கூட இத்தனை சுத்தமா எழுத மாட்டாங்க அம்மணி." அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கித் தென்னை மரங்களைப் பார்த்தார். ஓலைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடத்துக்கொண்டிருந்தன. "ஒம்பது மணிங்களா? வெள்ளனே கெளம்புனா வெயிலுக்கு முந்திப் போயிரலாமுங்க."

"பரவாயில்லீங்கப்பா. நேரம் இருக்கு."

அம்மா நஞ்சம்மாள் ராகிக் களி கிண்டிக்கொண்டே, "வெள்ளனே கெளம்புனா நல்லதுங்க கண்ணு. நான் நாலு மணிக்கே இட்லி ஊத்திப்போடறேன்" என்றாள். கீரையைப் பரிமாறும்போது இன்னொரு முறை சொன்னாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது இன்னொரு முறை. பாய் விரிக்கும்போது இன்னொரு முறை. இவ்வளவு மரியாதையான மனிதர்களா என்று இஃப்ராவுக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. விருந்தாளிக்காக நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊற்ற வேண்டாமே என்பதற்காகவே ஒன்பதில் உறுதியாக நின்றாள்.

லோகப்பிரியா அட்டவணையை வாங்கிப் பார்த்து, "நெம்ப அழகா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஒன்பதுக்கு இஃப்ரா சைக்கிளைச் சாலையில் ஏற்றி மேற்கே திருப்பினாள். யாரோ நெஞ்சில் கை வைத்து நிறுத்தியதுபோல் இருந்தது.

முதல் கிலோமீட்டரில், கால் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்தாள். மூன்றாவதில் பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். அது பாட்டுக்குச் சுற்றியது. ஐந்தாவதில் தலையை நிமிர்த்தினாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள், அத்தனையும் மேற்கே முகம் வைத்து, மூச்சுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நேற்று அவற்றை ஒன்று விடாமல் எண்ணியவள் அவள். எதனால் சுற்றுகின்றன என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடி பிறந்து நான்காம் நாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று மேற்கிலிருந்து கிழக்கே கொங்குச் சீமை முழுவதையும் துடைத்துக்கொண்டு போகிற காலம். நேற்று அந்தக் காற்று அவள் முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கிறது. இன்று நூற்றுப் பத்து கிலோமீட்டரும் அதன் முகத்தில் முட்டிக்கொண்டே போக வேண்டும். கோட்டைமேட்டில் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு ஆடிக் காற்று என்றால் மொட்டை மாடியில் துணி பறப்பது, அவ்வளவுதான்.

அட்டவணைப்படி பத்து இருபதுக்குத் தாராபுரம் வந்திருக்க வேண்டும். வந்தது பத்து ஐம்பத்தெட்டுக்கு. காரின் பக்கத்தில் நின்றபடி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மிச்சம் எண்பத்து மூன்று கிலோமீட்டர். ஆறு மணி நேரம். எங்கும் நிற்காமல் மணிக்குப் பதினான்கு போனால் சரியாக இருக்கும். இதுவரை வந்த வேகமும் பதினான்குதான்.

"எலுமிச்சைத் தண்ணி குடிங்க" என்று லோகப்பிரியா பாட்டிலை நீட்டினாள். அவள் முகத்தில் என்னவோ இருந்தது. அப்போது இஃப்ரா அதைப் படிக்கவில்லை.

தாராபுரம் தாண்டிக் குண்டடம் போகிற சாலையில் காற்று இன்னும் கடுமையானது. இரண்டு பக்கமும் மேய்ச்சல் காடு, மறைவுக்கு ஒரு மரம் இல்லை. வேகம் பன்னிரண்டுக்கு இறங்கியது, பிறகு பதினொன்று. தலைக்கவசத்துக்குள் கட்டியிருந்த துணி காதில் சடசடத்தது. இஃப்ரா ஹேண்டிலில் குனிந்து, கண்ணை முன்சக்கரத்தில் வைத்து, எண்ணிக்கொண்டே மிதித்தாள். நூறு மிதி, மறுபடி ஒன்றிலிருந்து.

எங்கேயோ ஓரிடத்தில் காற்று நின்றது. சடசடப்பு அடங்கியது. கால்கள் தாமாகச் சுழன்றன. வேகம் பத்தொன்பது. அல்லாஹ்வே, இதுதான் இரண்டாவது மூச்சு என்பதா என்று அவள் மகிழ்ந்துபோனாள். முன்னால் இருந்த காரின் நம்பரை வாய்விட்டுப் படித்தபடி, அந்தத் தாளத்தில் மிதித்துக்கொண்டு போனாள். நான்கைந்து தடவை படித்த பிறகுதான் உறைத்தது. அது லோகப்பிரியாவின் கார். பின்னால் வர வேண்டியது, முன்னால் போய்க் காற்றை மறைத்துக்கொண்டிருந்தது.

அவள் நின்றாள். கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. லோகப்பிரியா இறங்கி ஓடி வந்தாள்.

"ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க? நல்லாத்தானே வந்துட்டிருந்தீங்க."

"நீங்க எப்ப முன்னாடி வந்தீங்க?"

"இப்பத்தான். அந்தக் கோழிப்பண்ணை போர்டு பக்கம்."

இஃப்ரா சைக்கிள் மீட்டரைப் பார்த்தாள். கோழிப்பண்ணையைக் கடந்தபோது இருந்த எண் நினைவிருந்தது. இரண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். "இது செல்லாதுங்க. கார் முன்னாடி வரக்கூடாது."

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லீங்க. யாரு பாக்கறாங்க?"

"நான் எழுதணுமே."

"எழுதாதீங்க!"

"அதெப்படி எழுதாம இருக்கறது?" இஃப்ரா மேற்கே சாலையைப் பார்த்தாள். "காத்து இப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதாங்க?"

லோகப்பிரியா துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. "தெரியுமுங்க."

"நேத்தே தெரியுமா?"

"நேத்தென்னங்க. போன வாரம் கேன்டீன்ல நீங்க டைம் டேபிள் காட்டுனீங்களே, அப்பவே."

"அப்ப ஏன் சொல்லலை?"

"எப்படிங்க சொல்றது? நாலு கலர்ல கோடு போட்டு, பயந்து பயந்து ஒரு காரியத்தை ஆரம்பிச்சிருக்கீங்க. இது ஆகாதுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிப்போடறதுங்களா? எங்கம்மா நாலு தடவை சொல்லுச்சில்ல, வெள்ளனே கெளம்புங்கன்னு?"

"நான் அதை மரியாதைன்னு நெனச்சேன்."

"மரியாதைதானுங்க! நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

இஃப்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பை விழுங்கிவிட்டு, கேட்க வேண்டாம் என்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள். "அப்ப நேத்து அஞ்சரை மணி நேரத்துல வந்தது நான் இல்லை. காத்து."

"பாதி காத்துங்க. பொய் சொல்ல மாட்டேன்." லோகப்பிரியா முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். "ஆனா காத்து மிதிக்காதுங்க. மிதிச்சது நீங்கதான். இன்னைக்கு இதுவரைக்கும் வந்தது முழுசும் நீங்கதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல எண்பத்தொண்ணு வாங்குனவங்களுக்கு நான் சொல்லித் தரணுமாக்கும்?"

இஃப்ரா சைக்கிளைத் திருப்பிக் கிழக்கே வைத்தாள்.

"எங்கீங்க?"

"கோழிப்பண்ணை வரைக்கும். அங்கிருந்து மறுபடி ஓட்டிட்டு வாரேன்."

"பைத்தியமுங்களா? போக வரப் பதினெட்டு நிமிஷம் போயிரும். ஏற்கனவே நேரம் பத்தலை!"

"தெரியுமுங்க" என்றாள் இஃப்ரா.

போகும்போது மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. சைக்கிள் பறந்தது. நேற்று முழுவதும் இந்தச் சுகத்தைத்தான் தன் திறமை என்று நினைத்திருந்தோம் என்று தோன்றியபோது முகம் சூடானது. போர்டின் கீழே காலூன்றித் திரும்பினாள். மறுபடியும் நெஞ்சில் அந்தக் கை. இந்த முறை அதற்குப் பெயர் தெரிந்திருந்தது. அது காற்று, அவளுடைய குறை அல்ல. பன்னிரண்டு நிமிடம் அதை முட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

லோகப்பிரியா காரின் முன்பக்கத்தில் அட்டவணையை விரித்து, பறக்காமலிருக்க ஒரு தேங்காயை வைத்திருந்தாள். "இனி நான் வாயைத் தொறந்து சொல்லிப்போடறேனுங்க. கோவிச்சுக்கக் கூடாது. இந்த ரோட்டுல போனா ஆறு மணி ஆயிரும். டைம் டேபிள் தப்பு. மேலே ஒரு மைல்ல வாய்க்கால் மேடு வருது. இப்பத் தண்ணி விடலை. மேட்டு மேலயே மண் ரோடு, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. பொங்கலூர் பக்கம் கொண்டு போய் விடும். மூணு கிலோமீட்டர் சுத்து, ஆனா காத்து அங்க உள்ள வராது."

"நேர் ரோட்டை விட்டு எதுக்கு..." என்று ஆரம்பித்த இஃப்ரா, நிபந்தனையில் வழி எதுவும் சொல்லப்படவில்லை என்று நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். "கார்?"

"கார் அதுல போகாதுங்க. நான் பொங்கலூர்ல நிக்கறேன். பதினெட்டு கிலோமீட்டர் நீங்க தனியாத்தான் வரணும்."

ஜூன் மாதத்தில் இதைக் கேட்டிருந்தால் அவள் மறுத்திருப்பாள். இப்போது பம்பையும் டியூபையும் பையில் திணித்துக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரை மாட்டிக்கொண்டு, இண்டிகேட்டர் மினுக்கும் அந்த வெள்ளைக் காரைப் பின்னால் விட்டுவிட்டுப் போனாள்.

வாய்க்கால் மேட்டில் மேலே ஓலைகள் மட்டும் இரைந்தன, கீழே அமைதி. வேகம் பதினாறு, பதினேழு. பாதி வழியில் செயின் கழன்றது. யாரும் பின்னால் இல்லை என்பதால் பதற்றத்தைக் காட்ட ஆளில்லை. குனிந்து மாட்டினாள், கையை மண்ணில் தேய்த்தாள், ஏறினாள். தோப்பில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், "ஏனுங்க அம்மணி, ஒரு எளநி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க" என்று கத்தினார்.

"திரும்பி வாரப்பக் குடிக்கறேனுங்க!" என்று இஃப்ரா கத்தினாள். சொன்ன பிறகுதான், தானும் இந்த ஊர் மரியாதையில் ஒரு 'இல்லை' சொல்லிவிட்டது தெரிந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

பொங்கலூரில் சாலை ஏறும் இடத்தில் லோகப்பிரியா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கறுத்த கைகளைப் பார்த்து, "செயினுங்களா?" என்றாள். "நானே மாட்டிப்போட்டேன்" என்றாள் இஃப்ரா. பல்லடம் தாண்டிக் காரின் நிழலில் விரிப்பைப் போட்டு நண்பகல் தொழுகையான லுஹரைத் தொழுதாள். அட்டவணையில் எல்லாம் குலைந்திருந்தாலும் தொழுகைக்கு ஒதுக்கிய பன்னிரண்டு நிமிடத்தில் அவள் கை வைக்கவில்லை. பிறகு கார் மறுபடியும் பின்னால், சைக்கிள் முன்னால். சூலூர், சிங்காநல்லூர். கட்டடங்கள் நெருங்க நெருங்கக் காற்று துண்டு துண்டானது. அதற்குப் பதிலாகப் பஸ்கள் வந்தன.

சுங்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது மணி ஐந்து ஆனது. மணிக்கூண்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டருக்கு மேல். இஃப்ரா ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முள் ஐந்தைத் தாண்டியது. அவ்வளவுதான். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் வலித்தது. ஒரு லோடு ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் காலியாக இருந்தது.

பச்சை விழுந்தது. அவள் அசையவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. எல்லாவற்றுக்கும் மேலே, காரின் ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு வருடமாக அவளிடம் ஒரு 'ங்க' குறைத்துப் பேசியிராத லோகப்பிரியா கத்தினாள்: "ஏ இஃப்ரா! பச்சை விழுந்துருச்சு பாரு! மிதி!"

இஃப்ரா மிதித்தாள்.

மணிக்கூண்டின் கீழ் அர்ஷத் நின்றிருந்தான், கையில் சர்பத் பாட்டிலோடு. அக்கா இறங்கிச் சைக்கிளைச் சாய்க்கிற வரை காத்திருந்து, வாயருகே கையைக் குவித்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பதினாலு நிமிஷம் லேட்." பிறகு குரல் மாறி, "முழுசா ஓட்டிட்டியாக்கா? ஆடிக் காத்துலயா? அத்தா அங்க கடைல பத்துப் பேருகிட்ட சொல்லிட்டு உக்காந்திருக்காரு" என்று அப்பாவின் சேதியையும் சொன்னான்.

படத்தில் மணிக்கூண்டின் முள் ஐந்து பதினான்கைத் தெளிவாகக் காட்டியது. திரும்பிப் போய் வந்த பதினெட்டு நிமிடத்தைக் கழித்தால் நான்கு ஐம்பத்தாறு. லோகப்பிரியாவும் அந்தக் கழித்தலைப் போட்டிருப்பாள். இருவருமே அதைச் சொல்லவில்லை.

இஃப்ரா படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். இரண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர் காரின் மறைவில் போனது, அதை மறுபடி ஓட்டியது, முதல் நாள் காற்று தள்ளியது, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் அம்புஜம் அம்மாவே கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி அர்ஷத் சைகை காட்டினான்.

"பதினாலு நிமிஷம் லேட்டும்மா. ஐஞ்சுன்னா ஐஞ்சுதான், அதுல மாத்தமில்லை. பத்தாவது இடம் உனக்கு இல்லை."

"சரிங்கம்மா."

"இரு, வெச்சிராதே. எதிர்க்காத்துல நூத்திப் பத்துக்கு மேல ஓட்டியிருக்கே. இதுவரைக்கும் படிவம் அனுப்புனவங்க யாரும் இந்த மாசத்துல மேக்கே பாத்து ஓட்டலை. கார் முன்னாடி போச்சுன்னு நான் கேக்காமலே எழுதியிருக்கே. அந்த இடத்தை இன்னும் யாரும் எடுக்கலை. ஆகஸ்ட் ரெண்டாம் தேதி சனிக்கிழமை மறுபடி கூப்பிடப் போறேன், எல்லாருக்கும் பொதுவா. அதே தூரம், அதே நேரம். வர்றியா?"

இஃப்ரா லோகப்பிரியாவைப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நினைத்துக்கொண்டு, தலையாட்டலை நிறுத்தி, காதருகே வந்து, "வாரேன்னு சொல்லுங்க. ஆனா காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும். இது மரியாதைக்குச் சொல்லலை" என்றாள்.

20.07.2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.40. கோட்டைமேடு.

தூரம் 118.2 கி.மீ. நேரம் 8 மணி 14 நிமிடம். பஞ்சர் இல்லை. செயின் ஒருமுறை.

பிழைகள்: நேற்றைய குறிப்பில் 'மற்றபடி பிழை இல்லை' என்று எழுதியது. அட்டவணையில் காற்றுக்குக் கட்டம் இல்லாதது. நஞ்சம்மாள் அம்மா நான்கு முறை சொன்னதை ஒருமுறைகூடக் கேட்காதது.

நாளை: காலை 5.15க்குக் கிளம்பி, மேற்கே வேலந்தாவளம் சாலையில் எதிர்க்காற்றில் பதினைந்து கி.மீ., திரும்பிப் பதினைந்து. மாலை வகுப்புக்கு முன் புது அட்டவணையை லோகப்பிரியாவிடம் கொடுத்து, அதில் குறைந்தது ஒரு தப்பாவது அவள் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.